ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையைப் பொலிக்கு வாங்கலாமா?

கேள்வி: அந்தியூர் அருகே தோட்டம் வைத்திருக்கிறேன். ராஜஸ்தானின் மார்வாரி இனக் கலப்புப் பெட்டைக் குதிரைகள் நான்கு உள்ளன. பெங்களூரில் ஏழு பந்தயங்களில் வென்று ஓய்வுபெற்ற ஆறு வயது ஆண்குதிரை ஒன்றைத் தரகர் காட்டுகிறார். பொலிக்கு (பெட்டைகளோடு இணைசேர்க்க) விட்டால் ஒவ்வொரு குட்டியும் பந்தயக் குதிரை விலைக்குப் போகும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: தரகர் சொல்லும் கணக்கு முதல் வரியிலேயே பிசகுகிறது. பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் இனத்தில் தாய், தகப்பன் இரண்டுமே வம்சப் பதிவேட்டில் இருந்தால்தான் குட்டியைப் பதிவார்கள். அதுவும் நேரடியாக இணைசேர்த்துப் பிறந்ததாக இருக்க வேண்டும், செயற்கைக் கருவூட்டலை ஏற்க மாட்டார்கள். ஆகவே உங்கள் பெட்டைகள் ஈனும் குட்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் தரோபிரெட் பந்தயத்தில் இறங்க முடியாது. மார்வாரிக்கு விலை கொடுப்பவர்களோ, நுனிகள் ஒன்றையொன்று தொடும் காதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்தக் காது இந்தக் கலப்பில் தங்குவது அரிது. சவாரிக்கேற்ற உயரமான குட்டி கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். விலையையும் அந்த அளவிலேயே பேசுங்கள்.

இனி குதிரைக்கு வருவோம். ஏழு வெற்றி என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. நம் நாட்டுப் பந்தயங்களில் பெரும்பாலானவை குதிரையின் தரப்புள்ளிக்கு ஏற்பச் சுமையைக் கூட்டியும் குறைத்தும் நடத்தப்படும் ஹேண்டிகேப் பந்தயங்கள். கீழ்ப்பிரிவில் ஏழு முறை வென்ற குதிரையைவிட, டெர்பி என்னும் பெரும்பந்தயத்தில் முதல்தரக் குதிரைகளோடு ஓடி மூன்றாவதாக வந்த குதிரையைப் பொலிக்கு நான் மேலாகக் கருதுவேன்.

ஓட்டத்தைவிட வம்சம் பேசிய சான்றுகளும் உண்டு. டான்ஸிக் என்ற அமெரிக்கக் குதிரை மூன்றே பந்தயங்களில் ஓடி, முழங்கால் கோளாறால் நின்றுபோனது; ஆனால் 1991 முதல் 1993 வரை அமெரிக்காவின் முதன்மைப் பொலிகுதிரை அதுதான். மாறாக, 1973இல் அமெரிக்காவின் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள இடைவெளியில் வென்ற செக்ரட்டேரியட்டின் ஆண்குட்டிகளில் தகப்பனுக்கு நிகராக ஒன்றும் வரவில்லை. அதன் மகள்களின் வயிற்றில்தான் ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி போன்ற பேர்பெற்ற பொலிகுதிரைகள் பிறந்தன. எனவே தாய்வழியை விடாமல் விசாரியுங்கள். பந்தய வட்டாரத்தில் தகப்பன் மட்டும் ஒன்றாக இருந்தால் அவற்றை உடன்பிறப்பு என்று சொல்வதில்லை. பேர்பெற்ற பொலிகுதிரைக்கு ஆண்டுக்கு நூறு குட்டிகூடப் பிறக்கும், பெட்டையோ ஆண்டுக்கு ஒன்றுதான் ஈனும் என்பதால், அந்தத் தாயின் மற்றக் குட்டிகள் எப்படி ஓடின என்பதே குடும்பத்தின் தரத்தைக் காட்டும்.

இவ்வளவு இருந்தும் மலடாக இருந்தால் பயனில்லை. 1990களில் தொடர்ந்து 16 பந்தயங்களை வென்ற சிகார் என்ற அமெரிக்கக் குதிரை பொலிக்கு விடப்பட்டபோது ஒரு பெட்டைகூடச் சினையாகவில்லை. ஆகவே முதலில் விதைகளைப் பாருங்கள். பந்தயக் குதிரைகளில் காயடித்தவை ஏராளம் (தரகர் இதைச் சொல்லாமலே விலை பேசியிருக்கவும் கூடும்). ஒரு விதை மட்டும் இறங்கியிருந்தால் அந்தக் குதிரை பொலிக்கு ஆகாது. இரண்டும் சேர்ந்த அகலம் 8 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பிறகு கால்நடை மருத்துவர் ஒரு மணி நேர இடைவெளியில் இருமுறை விந்து சேகரித்து, இரண்டாவதில் வடிவம் பழுதின்றி முன்னோக்கி நீந்தும் விந்தணுக்கள் 100 கோடியாவது உள்ளனவா என்று பார்ப்பார். பந்தயக் காலத்தில் தசை வளர்ச்சிக்கான ஹார்மோன் ஊசி போட்டிருந்தால் விதை சுருங்கி எண்ணிக்கை குறைந்திருக்கும். புதிய விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆவதால், ஒரே சோதனையில் ஒதுக்கிவிடாமல் 60 நாளாவது கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கும் குதிரைத் தொற்றுச் சோகைக்கும் இரத்தப் பரிசோதனை முடியாமல் குதிரையை உங்கள் கொட்டிலில் ஏற்றாதீர்கள்.

கால்களை நீங்களே பார்க்கலாம். ஈர மணலில் கயிற்றைத் தளர்த்தி நடத்துங்கள்: பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுந்தால் நல்ல எட்டு வைக்கும் குதிரை. பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது முன்னங்காலின் முழங்கால் பின்னோக்கி வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். வட்டமாக ஓடவிட்டு, மூச்சை உள்ளிழுக்கும்போது இரைச்சல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வந்தால் தொண்டையில் கோளாறு இருக்கக்கூடும்.

குதிரையின் பாஸ்போர்ட்டில் (அடையாள ஆவணத்தில்) உள்ள மைக்ரோசிப் எண் பொருந்தி, சோதனைகளிலும் தேறினால், சவாரிக் குதிரையின் விலைக்கு வாங்கி, முதல் பருவத்தில் ஏற்கெனவே ஈன்று பழகிய இரண்டு பெட்டைகளுக்கு மட்டும் விடுங்கள். சினைக்காலம் 11 மாதம். அதன்பின் குட்டி சவாரிக்கு ஆக மூன்று ஆண்டு செல்லும். அதுவரை ஆண்குதிரைக்குத் தனிக் கொட்டிலும், அதன் கடிக்கும் உதைக்கும் அஞ்சாமல் கையாளத் தெரிந்த ஆளும் வேண்டும். அப்படியொரு ஆள் உங்களிடம் இல்லையென்றால், நல்ல மார்வாரிப் பொலிகுதிரை வைத்திருப்பவரிடம் கட்டணம் கொடுத்துப் பெட்டைகளைச் சேர்த்துக்கொண்டு வருவது செலவு குறைந்தது; குட்டிக்கும் அந்தியூர்ச் சந்தையில் ஆள் இருப்பார்கள்.