அரை அடித் தண்ணீரில் கேனோ மிதக்கும், ஓடுமா?

கேள்வி: பழைய பிளாஸ்டிக் கேனோ ஒன்று விலைக்கு வருகிறது. 16 அடி நீளம். நானும் என் மகனும் மூடா ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டே போகலாம் என்று ஆசை. ஓரங்களில் முழங்கால் அளவுக்கும் குறைவாகத்தான் தண்ணீர் இருக்கும். 'அரை அடித் தண்ணி இருந்தாலே போதும்' என்கிறார் விற்பவர். கோல மூடா கரையோரக் கடலிலும் இறக்கலாமாம். நம்பி வாங்கலாமா ஐயா?
– பெனாகா வாசகர்

பதில்: மிதப்பதற்கு அரை அடி போதும், அதில் விற்பவர் சொல்வது சரி. 16 அடி கேனோ தண்ணீரில் பதியும் பரப்பு ஏறக்குறைய இரண்டரை சதுர மீட்டர். ஆகவே 25 கிலோ ஏற ஏற ஒரு சென்டிமீட்டர் அமிழும். அடிப்பாகம் வளைந்திருப்பதால் முதல் சில சென்டிமீட்டர் இன்னும் சீக்கிரமே இறங்கிவிடும். கேனோ மட்டும் 35 கிலோ என்று வையுங்கள். நீங்கள் இருவர், ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான் எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தொடும். அப்போது 10 சென்டிமீட்டர் அளவுக்கு அமிழும். கனமானவர் பின்னால் உட்கார்ந்தால் வால் பக்கம் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழும். அரை அடி என்பது 15 சென்டிமீட்டர். மிச்சம் ஒரு விரல் கனம்தான். ஒரு கல்லோ மரவேரோ வந்தால் உரசாமல் தப்பாது.

துடுப்புப் போடுவது வேறு கணக்கு. கேனோத் துடுப்பின் தட்டை மட்டுமே சுமார் 50 சென்டிமீட்டர் நீளம். அது முழுதாக முங்கினால்தான் துடுப்பு வலிப்பதற்குப் பலன் உண்டு. அரை அடித் தண்ணீரில் நீங்கள் மணலைத்தான் தோண்டுவீர்கள்.

துடுப்பைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆழம் குறையக் குறையப் படகு கனத்துப் போகும். படகு முன்னே நகர, அதன் இடத்துத் தண்ணீர் அடியிலும் பக்கத்திலும் ஒதுங்கிப் பின்னால் வரவேண்டும். அடியில் இடம் இல்லையென்றால் முன்பக்கம் அலை குவிந்து நிற்கும், வால் கீழே இழுபடும். 20 சென்டிமீட்டர் ஆழத்தில் அலையே மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடாது. இரண்டு பேர் சாதாரணமாகத் துடுப்புப் போடும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் எவ்வளவு வலித்தாலும் முன்னால் குவிந்த அலையைத் தாண்ட முடியாமல் படகு திணறும். சேறு பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். ஒரு அடி ஆழத்தில் சமாளிக்கலாம். இரண்டு அடி இருந்தால்தான் மகனோடு பேசிக்கொண்டே போக முடியும்.

எனவே வாங்கும் முன் ஒரு மூங்கில் கழியில் ஒரு அடிக்கும் இரண்டு அடிக்கும் கோடு போட்டுக்கொண்டு நீங்கள் போக நினைக்கும் இடங்களில் ஊன்றிப் பாருங்கள். வட மாநிலங்களில் மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் பார்த்தால் இன்னும் நல்லது. வழியெல்லாம் இரண்டு அடி இருந்து, ஓரிரு இடம் மட்டும் வற்றியிருந்தால் கவலை இல்லை. அங்கே இறங்கி இழுத்துக்கொண்டு போகலாம். ஒரு கழியைக் கூடவே வைத்துக்கொண்டால் ஊன்றித் தள்ளவும் உதவும்.

கடல் விஷயத்தில் மட்டும் விற்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். நம் பக்கத்துக் கரை சேற்றுக் கரை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் இரண்டு மீட்டர் வரை வித்தியாசம் வரும். ஆறு மணி நேரத்தில் அவ்வளவும் இறங்கிவிடும். பாகான் ஆஜாம் கரையில் நானும் நண்பரும் அப்படித்தான் மாட்டினோம். போகும்போது மார்பளவுத் தண்ணீர், திரும்பும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. காலை வைத்தால் தொடை வரை புதைகிறது. இறங்க வழியில்லாமல் அடுத்த ஏற்றம் வரை வெயிலிலேயே உட்கார்ந்திருந்தோம். குடிக்கத் தண்ணீர் இருந்ததால் பிழைத்தோம். ஏற்ற வற்ற நேரத்தைச் சொல்லும் அலைப்பட்டியலில் 0.6 மீட்டர் என்று போட்டிருந்தால் உங்கள் இடத்திலும் அவ்வளவு ஆழம் என்று எண்ணிவிடாதீர்கள். அது கடல்வரைபடத்தில் ஆழத்தை அளக்கத் தொடங்கும் அடிமட்டத்திலிருந்து அளந்த உயரம், சேற்று மேடு அதற்கும் மேலே இருக்கலாம். மேலே திறந்திருக்கும் கேனோவுக்கு அலையும் ஆகாது. சுமை ஏற்றிய பிறகு தண்ணீருக்கு மேலே விளிம்பு 15 சென்டிமீட்டராவது நிற்கவேண்டும்.

ஆற்றுக்கு என்றால் வாங்கலாம். பணம் கொடுக்கும் முன் படகைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு முனைகளின் அடிப்பக்கத்தையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். தரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்திருந்தால் அங்கேதான் மெலிந்திருக்கும். இந்தப் பிளாஸ்டிக்கில் பசை ஒட்டாது, உருக்கித்தான் ஒட்டவேண்டும். பாதுகாப்பு ஜாக்கெட் இரண்டையும் புதிதாகவே வாங்குங்கள்.

கேள்வி: கற்கள் உள்ள ஆழமில்லாத ஆற்றுக்கு என்று சொல்லித்தான் கடையில் புது ஃபைபர் கேனோ வாங்கினோம். இரண்டே மாதத்தில் அடி வெடித்துவிட்டது. 'கல்லில் இடித்தால் நாங்கள் பொறுப்பல்ல' என்கிறார்கள்.
– செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

பதில்: அம்மா, 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. எதற்காக வாங்குகிறீர்கள் என்று விற்பவரிடம் சொல்லி, அவர் பேச்சை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். கல் ஆற்றுக்கு ஃபைபரைக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அழிக்காதீர்கள், ரசீதையும் வெடிப்பின் படங்களையும் சேர்த்து வையுங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். விஷயம் முடியும் வரை படகைப் பழுது பார்க்கவேண்டாம்.