வேக்கூம் வேலை செய்யுதா, தூங்குதா?

சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத்துல இருந்து வந்த கேள்விங்க இது. போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ்ல தேவையில்லாம கிடக்கிற பழைய வரிகள சுத்தம் பண்ற வேலைதான் வேக்கூம், அது தானா ஓடினா ஆட்டோவேக்கூம்.

பழக்குலை லோரி எடைய பதியிற டேட்டாபேஸ் டேபிள்ல ஆட்டோவேக்கூம் மணிக்கணக்கா ஓடுதுண்ணே, புது எஸ்எஸ்டி வாங்கணுமா?

காச எடுக்காதீங்க தம்பி, முதல்ல அளந்து பாருங்க. போஸ்ட்கிரெஸ்ல ஆட்டோவேக்கூம் ஒவ்வொரு பேஜுக்கும் (டேபிள பிரிச்சு வைக்கிற சின்ன துண்டு) பாயிண்ட் போடும், மெமரில இருந்தா 1, டிஸ்க்ல இருந்து எடுத்தா 2, பேஜ மாத்தி எழுத வேண்டி வந்தா 20, இப்படி 200 சேர்ந்ததும் 2 மில்லிசெகண்ட் தூங்கிட்டு மறுபடி ஆரம்பிக்கும். ஆலை வாசல்ல லோரி வரிசையா நிக்கிற நேரத்துல எடை சிஸ்டம் திணறக்கூடாது இல்லையா, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். 18ஆம் வெர்ஷன்ல டிராக்_காஸ்ட்_டிலே_டைமிங்னு ஒரு செட்டிங் வந்திருக்கு, ஆன் பண்ணிட்டு பிஜி_ஸ்டாட்_புரோகிரஸ்_வேக்கூம்ல டிலே_டைம்ங்கிற கட்டத்த (column) பாருங்க, தூங்கின நேரம் மில்லிசெகண்ட்ல இருக்கும். ஓடின நேரத்துல பெரும்பங்கு அதுவா இருந்தா உங்க டிஸ்க் மேல பழி போடாதீங்க, அந்த 200 லிமிட்ட ஏத்துங்க. தூக்கம் கம்மியா இருந்தாதான் டிஸ்க், இண்டெக்ஸ் பக்கம் போகணும்.

எங்க கூட்டுறவு கடையில இன்னும் 16ஆம் வெர்ஷன்தான், அந்த டிலே_டைம் கட்டம் இல்லையே?

இல்லதான்க்கா. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டில வேக்கூம் ஓடுற வரியோட வெயிட்_இவென்ட்ட (எதுக்காக காத்திருக்குன்னு சொல்றது) செகண்டுக்கு ஒருதரம் எடுத்து வைங்க, எத்தனை தடவைல எத்தனை தடவை வேக்கூம்டிலேன்னு வருதோ அதான் ஏறக்குறைய தூங்கின பங்கு. துல்லியம் இல்ல, முடிவெடுக்க போதும்.

கையால வேக்கூம் போட்டா டிலே 0 காட்டுது?

சரியாதான் காட்டுது, கையால போடுறதுக்கு டிஃபால்ட்ல தூக்கமே கிடையாது.

அந்த டிராக்_காஸ்ட்_டிலே_டைமிங் செட்டிங்க எப்பவும் ஆன்ல வைக்கலாமா?

தூங்கும்போதெல்லாம் கடிகாரத்த கேக்கணும், சில மெஷின்ல அது மெதுவு, அதனாலதான் ஆஃப்ல வருது. கடிகாரம் எவ்வளவு வேகம்னு காட்டுற பிஜி_டெஸ்ட்_டைமிங் ஓட்டி பாத்துட்டு வைங்க.

வேக்கூம் முடிஞ்சதும் பிஜி_ஸ்டாட்_புரோகிரஸ்_வேக்கூம்ல அந்த வரி மறைஞ்சிடுதே?

அந்த செட்டிங் ஆன்ல இருந்தா லாக்லயும் (சர்வர் எழுதி வைக்கிற பதிவு) டிலே டைம் விழும். ஆனா 10 நிமிஷத்துக்கு குறைவா ஓடின ஆட்டோவேக்கூம் டிஃபால்ட்ல லாக்குக்கே வராது, லாக்_ஆட்டோவேக்கூம்_மின்_டியூரேஷன குறைச்சு வைங்க.

ஒரே நேரத்துல ஓடுற ஆட்டோவேக்கூம் வொர்க்கர 3ல இருந்து 6 ஆக்கினேன், ஒவ்வொண்ணும் இன்னும் மெதுவாயிடுச்சு!

இத நிறைய பேர் கேக்குறாங்க, தயவுசெஞ்சு கவனிங்க: அந்த 200 ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனித்தனியா இல்ல, ஓடுற எல்லாருக்கும் சேத்து பங்கு பிரிக்கிறது, ஆள் கூடினா ஒவ்வொருத்தர் தூக்கமும் கூடும். ஆட்டோவேக்கூம்_வேக்கூம்_காஸ்ட்_லிமிட்டையும் சேத்து ஏத்துங்க, ஏத்தினப்புறம் டிலே_டைம மறுபடி பாருங்க, எடை சிஸ்டம் வேகமும் குறையாம இருக்கான்னு லோரி கூட்டமா வர்ற நேரத்துல பாத்துக்குங்க.