கொட்டகலை அக்காவுக்கு: பயோ வேண்டாம், மெத்ஸ் எடுக்கட்டும்

போன ஞாயிறு கொட்டகலையிலிருந்து ஓர் அக்கா மகளோடு வந்தார். ஓ.எல்.லில் கணிதம், விஞ்ஞானம் இரண்டும் ஏ. கொழும்பில் கடை வைத்திருக்கும் மாமா, "உயர்தரத்தில் பயோ செய்யட்டும். பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி போதாவிட்டால் நகையை வைத்து வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைப்போம்" என்கிறாராம்.

"பயப்படாதீங்க அக்கா" என்றுதான் ஆரம்பித்தேன். நகைப் பேச்சு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் தேறினால்தான் டாக்டராகப் பதியலாம். அதுவரை வட்டி ஏறும், மாமா கட்டமாட்டார்.

பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "போன் டோர்ச்சை விரலால் மூடினால் ஏன் சிவப்பாகவே தெரியுது?" நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடும், சிவப்புதான் தப்பி வரும் என்றேன். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய கிளிப்பும் ஒளியை வைத்தே ஒட்சிசனை அளந்தது.

இந்தப் பிள்ளைக்கு ஒரு துறை இருக்கிறது: ஒளியால் உடம்பைப் பார்ப்பது. தீக்காயம் பட்டவரின் கலங்களையே ஆய்வுகூடத்தில் தோலாக வளர்த்து ஒட்டுகிறார்கள். ஒட்டியது உயிரோடு இருக்கிறதா? வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். ஆனால் வெட்டிய துண்டு போனதுதான், நாளைக்கு அதையே திரும்பப் பார்க்க முடியாது. அதனால் வெட்டாமல் ஒளியால் பார்க்க முயல்கிறார்கள். கலத்துக்குள் இருக்கும் என்.ஏ.டி.எச். என்ற மூலக்கூறு புறஊதா ஒளி பட்டால் நீலமாக மினுங்கும், எஃப்.ஏ.டி. என்ற இன்னொன்று நீல ஒளியில் பச்சையாக மினுங்கும். இரண்டின் விகிதம் மாறினால், கலம் சக்தியை உண்டாக்கும் விதம் மாறுகிறது என்று அர்த்தம். கண் டாக்டர்கள் விழித்திரை பார்க்கும் ஓ.சி.டி. கருவி, தோலில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஆழம்வரை அடுக்கடுக்காகக் காட்டும். அதற்குக் கீழே ஒளி சிதறிவிடும். முழங்கால் குருத்தெலும்பு போல ஆழத்தில் இருப்பதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலும் இங்கே உதவுகிறது: திசுவில் புரதமும் கொழுப்பும் எப்படி இருக்கின்றன என்று அது சொல்லும்.

அவள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டும் பகுதியில் வேலை. வதங்கிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிக் கையை விரிப்பார். உருண்டை உதிராமல் நின்றால் பதம். "அதே மாதிரியா சேர்?" என்றாள். ஏறக்குறைய அதேதான்: வெட்டிப் பார்க்காமலே பதம் அறிவது.

வழி இதுதான்: உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பிறகு பேராதனையில் பௌதிக விஞ்ஞானப் பட்டம், அங்கேயே பட்டமேற்படிப்பு நிறுவகத்தில் மருத்துவ பௌதிகவியல் முதுமாணி. இல்லையென்றால் மொறட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியல். அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணமில்லை. சாப்பாட்டுச் செலவுக்கு மஹபொல புலமைப்பரிசில் கைகொடுக்கலாம். முதுமாணிக்குக் கட்டணம் உண்டு, அதை வேலை செய்துகொண்டே கட்டலாம். ஹட்டனில் இதற்கு வேலை இருக்காது, அதையும் சொல்லிவிட்டேன். இந்த ஆராய்ச்சி பெரும்பாலும் வெளிநாட்டில்தான் நடக்கிறது. ஆனால் உதவித்தொகையோடு கலாநிதிப் படிப்புக்குப் போவது வேறு, நகையை அடகு வைத்துப் போவது வேறு.

மாமாவின் நம்பரைத் தாருங்கள், நான் பேசுகிறேன் என்றேன். "வேண்டாம் சேர், அவரிடம் நானே சொல்றேன்" என்று அக்கா எழுந்துவிட்டார்.