தாத்தாவின் இசைத்தட்டுகள்

கேள்வி: தாத்தா விட்டுப்போன 30 தமிழ் இசைத்தட்டுகளில் பூஞ்சை பிடித்திருக்கிறது. லேபிளில் 78 என்று இருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? நண்பர்களுக்கு இரவல் தரலாமா?
— வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: ஸ்பிரிட் பாட்டிலை முதலில் மூடி வையுங்கள், அம்மா! நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அந்தக் காலத்துத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், பாட்டும் போய்விடும். என் ஆயாவின் தட்டு ஒன்றை அப்படித்தான் இழந்தேன். அந்தக் குரலை இன்றும் தேடுகிறேன். காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால், கோடுகளின் போக்கிலேயே, லேபிள் நனையாமல் துடையுங்கள். டர்பன் கடற்காற்றின் ஈரம் பொல்லாதது. நன்றாக உலர்ந்த பிறகே உறையிலிட்டு நிமிர்த்தி வையுங்கள். பிற்கால வினைல் தட்டுகளுக்கான எல்பி ஊசி ஆகாது, 78க்கு அகலமான ஊசி தனியே உண்டு.

இரவலா? கீழே விழுந்தால் உடைந்துவிடும். நண்பர்களை ஞாயிறு மாலை வீட்டுக்கே கூப்பிடுங்கள். அப்புறம், ஒரே தட்டு இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்து வேறு தட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் சேர்த்தோம்.