ஓட்டுப்போட விமான டிக்கெட்

கே: துபாயிலும் லண்டனிலும் சொகுசாக உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் நம் ஊர் அரசியலை அலசுகிறார்கள். இவர்களுக்கு ஓட்டு வேறு வேண்டுமாம். ஊரைவிட்டுப் போனவனுக்கு ஊர் விவகாரத்தில் என்ன வேலை?
– வாசகர், தேவகோட்டை

ப: துபாயையும் லண்டனையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்களே!

வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டு ஓசிஐ அட்டையோடு (இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) வந்து போகிறவருக்கு இங்கே ஓட்டு கிடையாது. அது சரிதான், எனக்கும் உடன்பாடே. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர் கதை வேறு. 2010இல் செய்த சட்டத் திருத்தம் அவருக்கு ஓட்டுரிமை தந்துவிட்டது. படிவம் 6ஏ கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். ஆனால் ஓட்டுப்போட, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்குரிய சாவடிக்கு அவரே வந்து நிற்கவேண்டும், கையில் அசல் பாஸ்போர்ட்டோடு. துபாயில் சாரம் கட்டுகிற தொழிலாளிக்கு லீவு யார் கொடுப்பது, டிக்கெட் யார் எடுப்பது? பாஸ்போர்ட்டை முதலாளியே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு.

2024 மக்களவைத் தேர்தலுக்குப் பதிந்திருந்த வெளிநாட்டு வாக்காளர்கள் சுமார் 1,19,000 பேர். ஓட்டுப்போட்டவர்கள் 2,958. அதிலும் 2,670 பேர் கேரளத்தில். மலையாளிகள் தேர்தலுக்கென்றே கூட்டமாக விமானம் ஏறி வருகிறார்கள். மீதி இந்தியா முழுவதற்கும் முந்நூறு பேர்கூட இல்லை, நம் தமிழ்நாடும் அதற்குள்தான்.

வளைகுடாவில் இருபத்தைந்து வருடம் உழைத்தாலும் விசாக்காரர் விசாக்காரர்தான். அங்கே ஓட்டு இல்லை, பல இடங்களில் சங்கம் வைக்கவும் வழியில்லை. பணம் அனுப்புகிற ஊரிலும் ஓட்டுப்போட முடியாது, வேர்வை சிந்துகிற ஊரிலும் முடியாது. இவரையா சொகுசு என்கிறீர்கள்?

லண்டன் நிலவரம் வேடிக்கையானது. படிக்கப்போன கும்பகோணத்துப் பையன் காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால், முறையான விசாவோடு அங்கே வசித்தாலே போதும், பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் பதிந்து ஓட்டுப்போடலாம். அந்நாட்டுக் குடியுரிமைகூட வேண்டாம். நம்மை ஆண்டவனின் நாடாளுமன்றத்துக்கு அடுத்த தெருவில் ஓட்டு. நம் நாடாளுமன்றத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கவேண்டும்!

ராணுவத்தினருக்கு மின்னணு முறையில் அனுப்பும் தபால் ஓட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதையே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தரலாம் என்று 2020 நவம்பரில் தேர்தல் ஆணையம் மத்திய அரசுக்கு எழுதியது. அப்புறம் 2024 தேர்தலும் நடந்து முடிந்தது, அந்த ஓட்டு வந்தபாடில்லை. தூரத்தில் நடக்கும் ஓட்டுப்பதிவை யார் கண்காணிப்பது, தொழிலாளர் முகாமில் முதலாளி மிரட்டினால் என்ன செய்வது என்ற கேள்விகள் நியாயமானவை. உட்கார்ந்து பேசித் தீர்க்கலாமே?

நம் கட்சிப் பிரமுகர்கள் வெளிநாடு போய் இறங்கி நன்கொடை கேட்கும்போது, "நேரில் ஊருக்கு வந்து கொடு" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.