ஒத்தைக்கு ஒரு சைக்கிள் ராத்திரி

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகச் சைக்கிளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா, வாசகர்களின் சைக்கிள் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஒரு சனி, ஞாயிறு சைக்கிளில் பேச்சிப்பாறை அணைப் பக்கம் தனியாகப் போய், ஒரு ராத்திரி டெண்டில் படுத்துவிட்டு வர ஆசை. "பொம்பளப்பிள்ள ஒத்தைக்கு எங்க போற?" என்று அம்மா சண்டை போடுகிறார். போகலாமா? டெண்டை எங்கே போடுவது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: போகலாம் மக்ளே. ஆனால் அம்மா கேட்பதிலும் தப்பில்லை. அவருக்குப் பயம் சைக்கிளை நினைத்து அல்ல, ராத்திரியை நினைத்து. அதனால் எந்த வழியாகப் போவது என்று பார்ப்பதற்கு முன்னால் எங்கே படுப்பது என்று முடிவு செய். ஊர் பேர், வீட்டு அடையாளம், அந்த வீட்டு ஆளின் போன் நம்பர் மூன்றையும் அம்மா கையில் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வேலை பார்த்த காலத்தில் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்ப முடியாமல் எத்தனையோ ராத்திரி முன்பின் தெரியாத வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறேன். மலையோரத்து வீடுகளில் இடமில்லை என்று யாரும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் கேட்கிற நேரம் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கேட்டுவிட வேண்டும். இருட்டின பிறகு வாசலில் வந்து நிற்கிற ஆளைக் கண்டால் எந்த வீட்டிலும் முதலில் பயம்தான் வரும். பெண்கள் இருக்கிற வீடாகப் பார். சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு, குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் கேள். குடித்து முடிப்பதற்குள் எந்த ஊர், யாருக்க மகள் என்று அவர்களே விசாரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு முற்றத்து ஓரத்தில் டெண்ட் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேள். "டெண்டு எதுக்கு மக்ளே, உள்ள வந்து கிட" என்பார்கள். வெளியே படுக்கத்தான் இத்தனை தூரம் வந்தேன் என்று பொறுமையாகச் சொல்லு. புரிந்துகொள்வார்கள். முதல் தடவை என்பதால் இன்னொன்றும் செய்யலாம்: முந்தின வாரம் அம்மாவோடு பஸ்ஸில் போய், அந்த வீட்டை இருவருமாகப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். நான் உன் அம்மாவாக இருந்தால் அதைத்தான் கேட்பேன்.

ஆற்றங்கரை மட்டும் வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்ற வருஷம் ஐப்பசியில், கோதையாற்று ஓரம் ஒரு மணல் திட்டில் டெண்ட் போட்டேன். மழையில்லை, வானம் நிறைய நட்சத்திரம். நடுச்சாமத்தில் ஆற்றின் சத்தம் மாறியதில் முழிப்பு வந்தது. படுக்கும்போது சலசலவென்று கேட்டுக்கொண்டிருந்தது ஒரே இரைச்சலாக ஆகியிருந்தது. டார்ச்சை அடித்தால், சாயங்காலம் நான் துணி அலசிய கல்லைக் காணோம். டெண்டை அப்படியே சுருட்டி இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, விடியும்வரை சைக்கிளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மேலே மலையில் மழை பெய்திருக்கிறது, அணையில் உபரித் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். முதல் நாள் பேப்பரிலேயே அறிவிப்பு வந்திருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து கிளம்பும் நாளில் அணை நீர்மட்டம் பார்க்காமல் நான் சைக்கிளைத் தொடுவதில்லை. நம்ம ஊர்ப் பேப்பரில் தினமும் போடுகிறார்கள். பேச்சிப்பாறைக்கு முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77, சிற்றாறு அணை இரண்டுக்கும் 18. பேச்சிப்பாறை நாற்பதைத் தாண்டி நின்று, மேலே கறுத்துக் கிடந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கிற ஆசையையும் அன்றைக்கு விட்டுவிடு. அதே கோதையாறுதான் அங்கே விழுகிறது.

இனி வழி. தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை நாற்பது சொச்சம் கிலோமீட்டர். தக்கலை வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் ஏறுவதற்கு முன் விடியற்காலையிலேயே அதைக் கடந்துவிடு. அணை 1906-ல் கட்டி முடித்தது. அதைக் கட்டிய இன்ஜினியர் மிஞ்சின் துரையின் கல்லறையும் பக்கத்திலேயே இருக்கிறது. கால் ஓய உட்கார நல்ல இடம். திரும்பும்போது திற்பரப்பு, திருவட்டாறு வழியாக வந்து மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பார்த்துவிட்டு வா. கீழே பறளியாறு, 115 அடி உயரத்தில் தலைக்கு மேலே வாய்க்கால் போகிறது. 1966-ல் கட்டியது. சைக்கிளைப் பூட்டிவிட்டு, மேலே நடந்து அக்கரை வரைக்கும் போய் வா.

விடியற்காலை நாலு, நாலரை மணிக்கு டெண்டுக்கு வெளியே தோட்டத்துக்குள் வெளிச்சம் அலைந்தால் பயப்படாதே. நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்ட வருகிறவர்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் பால் நன்றாக இறங்கும். ஒருநாள் சீக்கிரமே எழுந்து, அவர்களிடம் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பார். முந்தின நாள் வெட்டில் நூல்போல ஒட்டிக் காய்ந்திருக்கிற ஒட்டுப்பாலை விரலால் உரித்து எடுத்துக் கூடையில் போடுவார்கள். பிறகு கத்தியைப் பட்டையில் சாய்வாக வைத்து இழுத்தால், ஒரு நாணயத்தின் கனத்துக்குத் தோல் சுருண்டு விழும். ஒரு நொடி ஒன்றும் தெரியாது. அப்புறம் வெட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகளாக முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, வழிந்து, தகரத் துண்டு வழியாகத் தேங்காய்ச் சிரட்டையில் சொட்ட ஆரம்பிக்கும். அதற்குள் அவர் அடுத்த மரத்துக்குப் போயிருப்பார். நீ அங்கே படுத்திருக்கிற விஷயத்தை அவர்களுக்கும் ராத்திரியே தெரியப்படுத்தச் சொல்லிவிடு. இருட்டில் டெண்டைக் கண்டு அவர்கள் பதறக் கூடாது.

கடைசியாக, நீ கேட்காததையும் சொல்கிறேன். தேதி அந்த நாட்களில் வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, உடம்பு ஒத்துழைத்தால் போ. கூடுதலாக ஒரு கால்சட்டை எடுத்துக்கொள். உபயோகித்ததைப் பேப்பரில் சுற்றி, தனிக் கவரில் போட்டு வீட்டுக்கே கொண்டு வா. பிறத்தியார் தோட்டத்தில் போடாதே.

கேள்வி: என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய கேரியர் சைக்கிள், கியர் கிடையாது. டெண்ட், போர்வை, பாத்திரம், அடுப்பு எல்லாம் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் ஏற முடியுமா?
– கல்லூரி மாணவர், திங்கள்நகர்

பதில்: ஏறலாம் தம்பி. ஏற முடியாத இடத்தில் இறங்கித் தள்ளு, அதில் ஒரு குறைச்சலும் இல்லை. நம்ம பக்கத்து ரோடு மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போவதில்லை. ஒரு பொற்றைக் குன்று ஏறினால் உடனே ஒரு இறக்கம், ஒரு ஓடை, மறுபடி ஏற்றம். எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்கிறார்கள், எனக்கு இறக்கத்தை நினைத்தால்தான் கவலை. பாரம் கட்டின சைக்கிள் வெறும் சைக்கிள் மாதிரி நிற்காது. மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக்கைப் பிடித்ததும் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அதற்கப்புறம்தான் பிடிக்கும். அந்த இரண்டு மூன்று சுற்றுக்குள் வளைவு வந்துவிடும். அதனால் இறக்கத்தின் தலையிலேயே வேகத்தைக் குறை. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, விட்டு, மறுபடி பிடி. புறப்படுவதற்கு முன் பிரேக் கட்டை நாலையும் புதிதாக மாற்று, கம்பியைப் பார். டயரைவிட அதுதான் முதல் செலவு.

அடுப்பும் பாத்திரமும் வேண்டாம். ஒரு ராத்திரிக்கு அவலும் கருப்பட்டியும் ஒரு சீப்பு மட்டிப்பழமும் போதும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம சொந்தப் பழம், ஒரு பழம் இரண்டு வாய்க்குத்தான் வரும், பசிக்கு அத்தனை இதமாக இருக்கும். மத்தியானம் ஏதாவது கடையில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் கறியும் கிடைக்காமல் போகாது. மொத்தப் பாரம் பத்துக் கிலோவைத் தாண்டவிடாதே. இரண்டு பையாகப் பிரித்து, கேரியரின் இரண்டு பக்கமும் தாழத் தொங்கவிட்டு, பழைய டியூபை நீளமாகக் கீறி இறுக்கிக் கட்டு. கயிறு மாதிரி அது தளராது. பஞ்சர் ஒட்டத் தெரியாவிட்டால் உங்கள் ஊர் சைக்கிள் கடையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு கிளம்பு.

கேள்வி: காளிகேசம், கோதையாறு பக்கம் காட்டுக்குள்ளேயே ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துத் தங்க நினைக்கிறேன். வனத்துறையிடம் கேட்க வேண்டுமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கட்டாயம் கேட்க வேண்டும். அனுமதி தராவிட்டால் தங்கக் கூடாது. அது காப்புக்காடு, வன உயிரினச் சரணாலயம், யானை நடக்கிற இடம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிள்ளைகளை நான் இன்னும் மறக்கவில்லை. நீங்களும் மறக்க வேண்டாம் தம்பி. ஆள் இல்லாத அமைதிதான் வேண்டும் என்றால், தெரிந்தவர் ரப்பர் தோட்டத்து விளிம்பில் வெட்டவெளியாகப் பார்த்துக் கேட்டுப் படுங்கள். மரத்தடியில் வேண்டாம், ரப்பர் மரம் காற்றுக்குச் சட்டென்று முறியும். 2017-ல் ஒக்கிப் புயல் அடித்த மறுநாள் எங்கள் பக்கம் தோட்டம் தோட்டமாக மரம் பாதியில் ஒடிந்து நின்றதைப் பார்த்தவள் நான். தை மாதம் இலை உதிர்ந்து சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். அங்கே ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்காதீர்கள்.

கேள்வி: எந்த மாதம் மலைப்பக்கம் போனால் ரத்தம் குடிக்கிற அட்டை இருக்காது?
– ஒரு வாசகி, தோவாளை

பதில்: தை, மாசி. நமக்குத்தான் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரம் இருக்கிற வரைக்கும் அட்டையும் இருக்கும். உங்கள் ஊரிலிருந்து கிளம்புவதானால் ஆடியைத் தவிர்த்துவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைகிற காற்று முகத்திலடிக்கும், மேற்கே மிதிப்பது பெரும்பாடு.

கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள். நகத்தை அதன் வாயோரம் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் சீக்கிரம் நிற்காது, உறையவிடாத ஒரு பொருளை அட்டை உள்ளே விட்டிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவித் துணியால் அமுக்கிப் பிடியுங்கள். அட்டையைவிட எனக்குப் பயம் எலிக்காய்ச்சல்தான், எலி மூத்திரம் கலந்த தண்ணீர் வழியாகத் தொற்றுவது. காலில் புண்ணோ கீறலோ இருந்தால் வயல் தண்ணீரிலும் தேங்கின ஓடையிலும் இறங்காதீர்கள். ஊர் திரும்பின இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த நாளில் இந்த இடத்துத் தண்ணீரில் இறங்கினேன் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டாம்.