ஈரம் இல்லை என்றால் ஆசை இல்லை என்று அர்த்தமா?

அன்புள்ள டாக்டர்,

எனக்கு 28 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். இரண்டாவது குழந்தைக்கு 7 மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. பிரசவத்துக்குப் பிறகு மறுபடி சேர ஆரம்பித்ததிலிருந்து பிறப்புறுப்பு காய்ந்தே இருக்கிறது. எரிச்சல், வலி. "என் மேல ஆசையே போயிடுச்சு உனக்கு" என்கிறார். ஆசை இருக்கிறது டாக்டர். உடம்பில் ஏன் தெரியவில்லை?

- பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்து இதைப் படியுங்கள். ஈரம் ஆசையை அளக்கும் கருவி அல்ல. ஆசை நிறைய இருந்தும் காய்ந்திருக்கலாம். ஆசையே இல்லாமல் ஈரம் சுரக்கவும் செய்யலாம்.

பலர் நினைப்பதுபோல் யோனிச் சுவரில் ஈரம் சுரக்கும் சுரப்பிகள் கிடையாது. கிளர்ச்சி வந்ததும் சுவரைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் நிறைகிறது. அந்த அழுத்தத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சுவர் வழியே கசிகிறது. புது மண்பானையில் தண்ணீர் ஊற்றினால் வெளியே முத்து முத்தாகப் பூக்குமே, அதேபோல. கிளிட்டோரிஸ் (யோனி வாய்க்கு மேலே இருக்கும் உணர்ச்சி மிகுந்த சிறு மொட்டு) பருக்கிறது, நாடி வேகமெடுக்கிறது, யோனியின் உட்பகுதி நீண்டு விரிகிறது. ஆணுறுப்பின் விறைப்பும் இதே ரத்த ஓட்டம்தான். ஆனால் அவருக்கு அது சீக்கிரம் வந்துவிடும். உங்கள் உடம்பு முழுதாகத் தயாராகப் பல நேரம் இன்னும் கூடுதல் நேரம் ஆகலாம். அதற்கு முன் நுழைந்தால் உராய்வு, வலி. அடுத்த முறை வலிக்குமோ என்ற பயத்திலேயே யோனியைச் சுற்றியுள்ள இடுப்புத் தரைத் தசை இறுகிவிடும். பயம் கிளர்ச்சியையே அடக்கிவிடும். குழந்தை விழித்துவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்தாலும் இதேதான்.

உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடியிருக்கும்போது, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும். அப்போது யோனிச் சுவர் மெலிந்து, கசிவும் குறைகிறது. பால் கொடுப்பதைக் குறைத்ததும் பெரும்பாலும் தானே சரியாகும். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம்.

குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்த பிறகு சேருங்கள். உறவின்போது மார்பில் பால் கசிந்தால் பயப்பட வேண்டாம், அது பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் ஹார்மோனின் வேலை. அவர் நைட் ஷிப்ட் முடித்துக் களைத்து வந்த காலையில் அவசரப்பட வேண்டாம். முதலில் வெளிப்புறத் தொடுதல், கிளிட்டோரிஸ். மெடிக்கல் ஷாப்பில் தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் ஜெல் (வழுவழுப்புத் தரும் ஜெல்) கேளுங்கள். அரை டீஸ்பூன் அளவு இருவருமே தடவி, காய்ந்தால் மறுபடி போடுங்கள். எச்சில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆணுறை போட்டால் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், ரப்பரை அரித்துக் கிழித்துவிடும். வேகத்தையும் ஆழத்தையும் நீங்களே தீர்மானிக்க, நீங்கள் மேலே இருக்கும் நிலை நல்லது. வலித்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இதில் அவருக்கு நான் சலுகை தரமாட்டேன்.

தையல் போட்ட இடத்தில் வலி, ரத்தம், நாற்றமுள்ள வெள்ளை, சிறுநீர் எரிச்சல் இருந்தாலோ, ஜெல் போட்டும் சில வாரங்களில் குறையாவிட்டாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதித் தருவார். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். போகும்போது கருத்தடையையும் கேட்டுவிடுங்கள். குழந்தைக்கு 6 மாதம் தாண்டிவிட்டதால், மாதவிலக்கு இன்னும் வராவிட்டாலும் கரு தங்காமலிருக்கத் தாய்ப்பால் கொடுப்பதை மட்டும் நம்ப முடியாது.